ரெஃபரன்ஸ் பகுதியில் நடந்தது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஏற்காடு அடிவாரம்:

வீட்டுக்கு எடுத்துப்போக முடியாத புத்தகங்களோடு 26 வருஷம் குப்பை கொட்டியவள் நான். ஒரு மாவட்ட மைய நூலகத்தின் குறிப்புதவிப் பகுதி. இரவல் கிடையாது, அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட வேண்டும். வெயில் காலத்தில் மின்விசிறிக்காக ஒதுங்குகிறவர்களே அதிகம். ஆனால் நடுநடுவே யாராவது ஒருவர் கேள்வியோடு வருவார் பாருங்கள், அன்றைக்கு வேலைக்கு வந்ததற்கு அர்த்தம் வந்துவிடும்.

படிக்கிற காலத்தில் தகவல் மூலங்களை முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலை என்று பிரித்து எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான். கல்வெட்டு, கடிதம் எல்லாம் முதல்நிலை. கலைக்களஞ்சியம் இரண்டாம்நிலை. நூற்பட்டியல் மூன்றாம்நிலை. (இயர்புக் எந்த நிலை என்று எங்கள் வகுப்பில் கைகலப்பு வராத குறை.) மேசைக்கு எதிரே ஆள் வந்து நின்றால் இந்தப் பட்டியல் மறந்துவிடும். வந்தவர் கேட்பது ஒன்றாக இருக்கும், அவருக்கு வேண்டியது வேறொன்றாக இருக்கும்.

1999 என்று நினைவு. 24 வயதுப் பையன் ஒருவன் வந்தான். "மேடம், உலக சாதனைப் புத்தகத்துக்கு எழுதணும், விலாசம் வேணும்" என்றான். என்னப்பா சாதனை என்றேன். போன வருஷம் இறந்துபோன அவன் அப்பாயி தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவராம். தாது வருஷப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது என்று எங்கேயோ படித்திருக்கிறான். ஆக, 122 வயது. பையன் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

விலாசம் இயர்புக்கிலோ டைரக்டரியிலோ கிடைத்திருக்கும். நான் எடுத்து வந்தது பழைய நூறாண்டுப் பஞ்சாங்கத்தை. தமிழ் வருஷம் 60-க்கு ஒருமுறை திரும்பி வரும். தாது 1876-இல் வந்தது, 1936-இலும் வந்தது. "அப்பா எப்பப்பா பிறந்தார்?" என்று கேட்டேன். "54-ல மேடம்." "அப்படின்னா உன் அப்பாயி 78 வயசுல பிள்ளை பெத்தாங்களா?" கொஞ்ச நேரம் பஞ்சாங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவனே சிரித்துவிட்டான்.

ஆனால் வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. லெ ஃபனு என்கிற வெள்ளைக்கார அதிகாரி எழுதிய 1883-ஆம் வருஷத்துச் சேலம் மாவட்ட மேனுவலை (மாவட்ட விவரக் கையேடு) எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. ஆங்கிலம் தடுக்கிய இடங்களில் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, இரண்டு மணி நேரம் எழுதிக்கொண்டான். அடுத்த வாரம் மறுபடி வந்தான். வீட்டில் பெரியவர்களை விசாரித்திருக்கிறான். பஞ்சத்தில் பிழைத்தவர் அப்பாயியின் பாட்டியாம். தாது என்ற பெயர் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்ததால் பாட்டி கதை பேத்தி தலையில் ஏறிவிட்டது.

இந்த மாதிரி உங்களுக்கும் இருக்குமே? மேசைக்கு எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் சரி, எழுதுங்கள்.

பாலாற்றங்கரை:

அம்மா, நான் மேசைக்கு எதிரே நின்ற கூட்டம்.

என் மாமா 80-களில் எண் கணிதம் பார்த்துப் பெயரில் ஓர் எழுத்து சேர்த்துக்கொண்டார். முறைப்படி அரசிதழிலும் போட்டாயிற்று. அந்த எழுத்தால் அதிர்ஷ்டம் வந்ததோ என்னவோ, பாஸ்போர்ட் எடுக்கும்போது வினைதான் வந்தது. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், மற்றதில் ஒரு பெயர். அரசிதழ்ப் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. ஓர் அலுவலகத்தில் கேட்டால் "எந்தத் தேதி இதழ்?" என்பதோடு பேச்சு முடிந்தது. மாமாவுக்கோ "இந்திரா காந்தி செத்த சமயம், கொஞ்சம் முன்னே பின்னே" என்பதைத் தாண்டி எதுவும் ஞாபகம் இல்லை.

சென்னையில் ஒரு பெரிய நூலகத்தில் பைண்டு செய்த அரசிதழ்கள் இருந்தன. வாராவாரம் புதன்கிழமை வெளிவருவது, அதனால் வருஷத்துக்கு 52. ரெஃபரன்ஸில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, முதல் பக்கத்துல இருந்து புரட்டாதீங்க. தனியார் விளம்பரம் வர்ற பகுதி எதுன்னு ஒரு இதழ்ல பார்த்துக்குங்க, மத்ததுல நேரா அங்க போங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்குக் கோயில் கட்டலாம். 1984 முழுக்கப் பார்த்தேன், இல்லை. 85-இல் மார்ச் மாதம், இரண்டாம் நாள் மாலை, மாமா அகப்பட்டார். நூலகம் மூட பத்து நிமிஷம் இருந்தது. தேதியையும் பக்க எண்ணையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடிவந்தேன்.

வடமராட்சி:

எங்கட கதை கொஞ்சம் வேற மாதிரி. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஜூன் 1 இரவோடு இரவாக எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அப்பா அங்கே உசாத்துணை (ரெஃபரன்ஸ்) பகுதியில் இருந்து படித்தவர். "அந்த மேசையில அது இருந்தது, இந்த அலுமாரியில இது இருந்தது" என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் படித்த பள்ளியின் ஒரு பழைய ஆண்டு மலரை நான் வருஷக்கணக்காகத் தேடினேன். பள்ளியிலும் இல்லை. 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற பெயருள்ள மின்னூலக இணையத்தளத்தில் ஒருநாள் வேறெதையோ தேடும்போது அந்த மலர் வந்து நின்றது. விவாதக் கழகச் செயலாளர் அறிக்கையின் கீழே அப்பாவின் பெயர். மலரை ஒரு தகவல் மூலமாகப் பாடப்புத்தகம் கணக்கெடுக்குமோ தெரியாது. எனக்கு அதைவிடப் பெரிய முதல்நிலை ஆதாரம் இல்லை.

காவிரிக்கரை:

நான் பத்திரங்கள் மொழிபெயர்ப்பவன். எந்த அகராதியைத் திறப்பது என்று தெரியாமல் மூக்குடைபட்ட கதையைச் சொல்கிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று. அதில் 'கோயில் மகமைக்கு ரூபாய் இரண்டு' என்று ஒரு வரி. அப்போது நான் புதுசு. மகிமை என்பதைத்தான் எழுதுபவர் தப்பாக எழுதிவிட்டார் என்று நானே தீர்மானித்து, 'கோயிலின் பெருமைக்காக' என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் தட்டிவிட்டேன். கட்சிக்காரரின் வக்கீல் பெரியவர், தமிழ் படித்தவர். காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "பெருமைக்கு ரெண்டு ரூபாயாடா?" என்றார்.

அன்று மாலையே நூலகத்துக்குப் போனேன். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் ஆறு தொகுதிகளும் அடுக்கில் தூசி படிந்து இருந்தன. 1924-இலிருந்து 1936 வரை வெளிவந்தவை. பெரும்பகுதி வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்தது, ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். மகமை என்றால் வியாபாரிகள் கோயிலுக்கும் தர்மத்துக்கும் விரும்பித் தருகிற தொகை என்று தெளிவாக இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். இன்றைக்குப் பேசுகிற, எழுதுகிற தமிழ் என்றால் க்ரியாவின் அகராதி. பழைய பத்திரம் என்றால் முதலில் லெக்சிகன். ரெவின்யூ சொல் என்றால் மக்ளீன் தொகுத்து 1893-இல் வந்த சென்னை ராஜதானி நிர்வாகக் கையேட்டின் சொற்களஞ்சியத் தொகுதி. தாலுகா கச்சேரி வார்த்தைகளுக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இன்னொரு சிக்கல் நில அளவைகள். அதே பத்திரத்தில் வேலி, மா, குழி எல்லாம் வந்தன. 20 மா ஒரு வேலி, 100 குழி ஒரு மா. இதை எந்தத் தாத்தாவும் சொல்லிவிடுவார். ஆனால் ஒரு குழி எவ்வளவு? அங்கேதான் ஊருக்கு ஊர் நிலம் அளக்கும் கோல் மாறும். லெக்சிகனில் குழிக்குப் பள்ளம் முதல் நில அளவு வரை பல பொருள் வரிசையாக இருக்கும், அதிலிருந்து என் பத்திரத்துக் குழியைப் பிடிக்க முடியாது. "கெஜட்டியர் பார்த்தீங்களா?" என்று அங்கே இருந்த நூலகர் அம்மா கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாவட்டத்தைப் பற்றிய சகல விவரமும் அரசாங்கம் தொகுத்துப் போட்ட புத்தகம்தான் கெஜட்டியர். ஹெமிங்வேயின் தஞ்சாவூர் கெஜட்டியர் 1906-இல் வந்தது. என் பத்திரம் எழுதப்பட்டதும் ஏறக்குறைய அதே காலம். அந்த வரிசைப் புத்தகங்களில் தொழில், வாணிபம் பற்றிய அத்தியாயத்தில் உள்ளூர் அளவைகளுக்கென்று ஒரு பகுதி இருக்கும். சொல்லுக்கு அகராதி, ஊருக்கு கெஜட்டியர் என்று அப்போதே நோட்டில் எழுதிவைத்தேன்.

மலைக்கோட்டை:

என்னுடையது அனுபவம் இல்லை, வயிற்றெரிச்சல். ஒரு நூலகத்தில் (ஊர் வேண்டாம்) புது அலமாரி வந்ததும் பழைய இயர்புக்குகளையும், 1951, 1961 மாவட்ட சென்சஸ் கையேடுகளையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். "பழசு சார், எல்லாம் நெட்ல இருக்கு." எங்கள் கிராமத்துக்கு அப்போது இருந்த பெயர், எத்தனை வீடு, எத்தனை பேர் படித்தவர் என்பதெல்லாம் அந்தக் கையேட்டில் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

எதிர்ப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். என் மகன் எட்டாம் வகுப்பில் ப்ராஜெக்ட்டுக்காகத் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுதினான். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை கொண்டுவந்த பத்துத் தொகுதி, தங்கம். ஆனால் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு என்று மாறியது 1969-இல்தானே? பையன் அப்படியே பார்த்து 'சென்னை இராச்சியத்தின் முக்கிய விளைபொருள்கள்' என்று தலைப்புப் போட்டுக் கொடுத்துவிட்டான். டீச்சர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "எந்த ராஜா?" என்று எழுதியிருந்தார்.

எழும்பூர்:

சென்னை கன்னிமாரா நூலகம் பற்றி யாரும் எழுதவில்லையே. 1896-இல் திறந்தது. 1954-ஆம் வருஷத்து நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பிரதி பெற உரிமை உள்ள நான்கு நூலகங்களில் ஒன்று. சட்டம் அப்படி. தாத்தா 60-களில் சொந்தக் காசில் அச்சடித்த முருகன் பதிகம் அங்கே கட்டாயம் இருக்கும் என்று நம்பிப் போனேன். இல்லை. வெளியிட்டவர் அனுப்பியிருந்தால்தானே இருக்கும்.

அங்கே ஒருவர், "தரமணியில ரோஜா முத்தையா நூலகம் பார்த்தீங்களா?" என்றார். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்ததை அடிப்படையாக வைத்து 1994-இல் தொடங்கியது அது. அழைப்பிதழ், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று மற்ற நூலகங்கள் கழித்துக்கட்டியதையெல்லாம் அவர் சேர்த்திருந்தார். நூற்பட்டியலில் தாத்தா பெயரில் ஒரே ஒரு பதிவு. பதிகம் இல்லை. கல்யாண வாழ்த்து மடல், 16 பக்கம். தாத்தா அப்படி ஒன்று எழுதியதே வீட்டில் யாருக்கும் தெரியாது. யாருடைய கல்யாணம் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

சிறுமலை:

எல்லாருக்கும் வணக்கம், நான் புதுசு. காவிரிக்கரை அண்ணனுக்கு ஒரு கேள்வி. எங்கள் தோட்டத்துப் பழைய ரசீதில் 'பசலி 1318' என்று இருக்கிறது. 1318-இல் ரசீது புத்தகம் எல்லாம் இருந்ததா?

காவிரிக்கரை:

தம்பி, அது இங்கிலீஷ் வருஷம் இல்லை. பசலி என்பது அறுவடையை வைத்து முகலாயர் காலத்தில் வந்த வரிக் கணக்கு வருஷம். நம் பக்கம் ஜூலை 1-இல் தொடங்கும். 590 கூட்டிக்கொள்ளுங்கள். 1908 ஜூலையிலிருந்து 1909 ஜூன் வரை.

சிறுமலை:

ஐயோ, நான் ஆயிரத்து முந்நூறு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன் அண்ணே.

ஏற்காடு அடிவாரம்:

உலக சாதனைப் புத்தகத்துக்கு எழுதவில்லையே?