தூசி மாஸ்க் போட்டால் கம் நெடி நிற்குமா?

பாலாற்றுத் தம்பி (பேரணாம்பட்டு) கேட்டது:

வணக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தோல் ஃபேக்டரியில் சூப்பர்வைசராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஒரே காம்பவுண்டுக்குள் டிரம், பஃபிங் (தோலை உரசித் தேய்ப்பது), ஸ்பிரே, அதை ஒட்டி ஷூ அப்பர் ஒட்டும் பேஸ்டிங் செக்‌ஷன் எல்லாம் இருக்கிறது. முன்பு எல்லாரும் கர்ச்சீப்தான் கட்டிக்கொள்வார்களாம். வெளிநாட்டு பையர் ஆடிட் வருகிறது என்றதும் ஆபீஸில் பெட்டி பெட்டியாக என்95 தூசி மாஸ்க் வாங்கி எல்லா செக்‌ஷனுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

பேஸ்டிங்கில் இருக்கும் பெண்கள், மாஸ்க் போட்டும் கம் (பசை) நெடி அப்படியே வருகிறது, மதியத்துக்குள் தலை வலிக்கிறது என்கிறார்கள். சரியாகப் போடத் தெரியவில்லை என்கிறார் மேனேஜர். பஃபிங்கில் வெயில் தாங்காமல் மாஸ்கைத் தாடைக்கு இறக்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு சாயங்காலம் வெல்லம் கொடுக்கிறோம், தூசி இறங்கிவிடும் என்று. சனிக்கிழமை கழிவுநீர்த் தொட்டியில் சேறு வழிக்க இறங்கும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் இதே மாஸ்க்தான். அவர்கள் இதுவரை குறை சொன்னதில்லை.

பேஸ்டிங் பெண்களுக்கு இரண்டு மாஸ்க் சேர்த்துப் போடச் சொல்லலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் குமார்:

முதலில் அது ஒரிஜினலா பாருங்கள். காதில் மாட்டும் வகை என்றால் முகத்தில் இறுக்கமாக உட்காராது. தலையைச் சுற்றி இரண்டு வார் இருக்க வேண்டும், ஒன்று உச்சியில், ஒன்று பிடரியில். எங்கள் கம்பெனியில் இரண்டையும் பிடரியிலேயே மாட்டிக்கொண்டு திரிவார்கள். நம் நாட்டு மாஸ்க் என்றால் ஐ.எஸ். 9473 என்று அச்சடித்திருக்கும்.

பழைய சேஃப்டி ஆபீசர் (ராணிப்பேட்டை):

தம்பி, கம்மை அப்புறம் பேசலாம். தொட்டி வழிக்க இறங்குகிறவர்களுக்கும் இதே மாஸ்க் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதை நிறுத்துங்கள். இந்த சனிக்கிழமை யாரும் இறங்க வேண்டாம்.

நான் சிப்காட்டில் சேஃப்டி வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். தூசியும் கம்மும் ஆளை வருஷக்கணக்கில் அரிக்கும். தொட்டிக் காற்று நிமிஷத்தில் கொல்லும். மயிர் கழல சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுகிறோம். பிறகு தோலை ஆசிட்டில் ஊறவைக்கும் பிக்கிளுக்கு சல்ஃப்யூரிக் ஆசிட். இந்த இரண்டு தண்ணீரும் ஒரே கால்வாயில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். சேறு மூடிக் கிடந்து அழுகினாலும் அதே வாயுதான். மேலே அமைதியாகத் தெரியும் சேற்றை மண்வெட்டியால் கிளறியதும் அடியில் சிக்கியிருந்தது மொத்தமாக வெளியே வரும். காற்றைவிடக் கனமானது, பள்ளத்தை விட்டுப் போகாது.

அழுகின முட்டை நாற்றம் அடிக்குமே, தெரிந்துவிடாதா என்பார்கள். கொஞ்சமாக இருக்கும்போதுதான் அது நாறும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) தாண்டினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இப்போது இறங்கலாம் என்று ஆள் நினைப்பது அந்த நேரத்தில்தான். 700, 1000 என்று போனால் ஓரிரு மூச்சில் சாய்ந்துவிடுவான். 8 மணி நேர வேலைக்குத் தொழிற்சாலைச் சட்ட அட்டவணை வைத்த அளவு வெறும் 10 பிபிஎம். ஒருவன் விழுந்ததும் மேலே நிற்கிறவன், பெரும்பாலும் அண்ணனோ மச்சானோ, தூக்கக் குதிப்பான். அவனும் மேலே வரமாட்டான். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று பேப்பரில் வருவதெல்லாம் இப்படித்தான்.

என்95 துகளை மட்டும் பிடிக்கும், வாயு அதற்குள் தாராளமாகப் போகும். கேட்ரிட்ஜ் (வாயுவைப் பிடிக்கும் டப்பி) மாட்டிய மாஸ்க்கும் தொட்டிக்கு ஆகாது. அது காற்றை வடிகட்டுமே தவிர ஆக்ஸிஜனை உண்டாக்காது. வெளியே 21 சதவீதம் இருக்கும் ஆக்ஸிஜன் உள்ளே 19.5க்குக் கீழே இருந்தால் எந்த ஃபில்டரை மாட்டியும் பயனில்லை. வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வர வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் சிலிண்டர்.

இது நான் சொந்தமாகச் சொல்வதில்லை. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவிலேயே இருந்தது. தகுதியான ஒருவர் சோதித்து, உள்ளே வாயு இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இறங்குகிறவன் மூச்சுக் கருவி போட்டு, பெல்ட் கட்டி, அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். நான்கு வாயு காட்டும் மீட்டரைக் கயிற்றில் விட்டு மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்திலும் பாருங்கள். புளோயர் ஓடட்டும். வேலை நடக்கும்போதும் மீட்டர் உள்ளேயே இருக்கட்டும். மேலே நிற்கிறவன் எது நடந்தாலும் இறங்கக் கூடாது, கயிற்றை இழுக்க வேண்டும், ஆள் கூப்பிட வேண்டும். இதைவிட நல்ல வழி ஆளையே இறக்காமல் பம்ப்போ சக்‌ஷன் லாரியோ வைத்து உறிஞ்சுவது.

குறை சொன்னதில்லை என்கிறீர்கள். குறை சொன்னால் அடுத்த சனிக்கிழமை வேறு ஆள் வருவான் என்று அவனுக்குத் தெரியும்.

சரி, கம். பேஸ்டிங் பெண்கள் சொல்வதுதான் சரி, மேனேஜர் சொல்வது தப்பு. கொசுவலை கொசுவைத் தடுக்கும், ஊதுபத்திப் புகையைத் தடுக்காது. அதை இரண்டாக மடித்தாலும் அப்படித்தான், மூச்சுதான் முட்டும். கம்மில் இருப்பது டொலுவீன், எம்.இ.கே., எத்தில் அசிடேட் மாதிரி ஆவியாகிற சரக்கு. அதற்குக் கரி அடைத்த கேட்ரிட்ஜ் வேண்டும். ஐரோப்பிய வகையில் பழுப்புப் பட்டை, ஏ என்று போட்டிருக்கும். அமெரிக்க வகையில் கறுப்பு. வாங்கும் முன் கம் டப்பாவின் எம்.எஸ்.டி.எஸ். தாளை, அதாவது சரக்கின் பாதுகாப்பு விவரத் தாளை, கேட்டு வாங்குங்கள். 3ஆம் பகுதியில் என்ன கலந்திருக்கிறது, 8ஆம் பகுதியில் என்ன மாஸ்க் என்று இருக்கும். சப்ளையர் தர மறுத்தால் அந்தச் சரக்கையே சந்தேகப்படுங்கள்.

கேட்ரிட்ஜை டேபிளில் திறந்தபடி போட்டுவிட்டுப் போவார்கள். கரி ராத்திரி முழுக்கச் சும்மா இருக்காது, நெடியை இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் பாதி தீர்ந்திருக்கும். காற்றுப் புகாத பையில் போட்டு மூட வேண்டும். நெடி வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மாற்றும் நாளைக் கேட்ரிட்ஜ் மேலேயே பேனாவால் எழுதுங்கள். நம் ஊர் மே மாதச் சூட்டில் இன்னும் சீக்கிரம் தீரும்.

இதெல்லாம் இரண்டாம்பட்சம். ஒட்டும் மேஜையிலேயே உறிஞ்சும் குழாய் வைக்காமல் மாஸ்க் மட்டும் கொடுப்பது முதலாளிக்குச் சுலபம், அவ்வளவுதான்.

ஆம்பூர் அக்கா:

நான் பேஸ்டிங்கில் இருந்தவள். எங்கள் இடத்தில் கம் டப்பா நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். ஒரு பெடஸ்டல் ஃபேன் உண்டு, அது முதல் மேஜை நெடியைக் கடைசி மேஜை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். கையில் ஒட்டிய கம்மைத் தின்னரில் கழுவிவிட்டுத்தான் சாப்பிடுவோம். எனக்குக் கால் விரல் மரத்துப்போக ஆரம்பித்தது. சுகர் என்றார்கள், டெஸ்ட் எடுத்தால் சுகர் இல்லை. என்ன வேலை செய்கிறாய் என்று வேலூரில் ஒரு டாக்டர்தான் கேட்டார். நாங்கள் போட்ட கம்மில் ஹெக்ஸேன் இருந்தது, அது நரம்பைக் கெடுக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. செக்‌ஷன் மாற்றிக் கேட்டு வாங்கினேன். மரப்பு குறைய மாதக்கணக்கில் ஆனது. தம்பி, தலைவலி என்று அந்தப் பெண்கள் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். மூடியோடு வரும் பிரஷ் டப்பா கிடைக்கிறது, அதையாவது முதலில் வாங்கிக் கொடுங்கள்.

வாணியம்பாடி வாசகர்:

ஆபீசர் ஐயா, பஃபிங் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? எங்கள் யூனிட்டில் பஃபிங் ஆட்கள் பாதிப் பேருக்குத் தாடி. மாஸ்க் பொருந்தாது என்று ஆடிட்டர் எழுதிவிட்டுப் போனார். தாடியை எடு என்று யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

பழைய சேஃப்டி ஆபீசர் (ராணிப்பேட்டை):

சொல்ல வேண்டியதில்லை, பாய். முகத்தில் ஒட்டி உட்காரும் எந்த மாஸ்க்கும் தாடியில் ஒழுகும், அது உண்மைதான். தலையோடு சேர்த்துத் தளர்வாக மூடும் ஹூட் இருக்கிறது. இடுப்பில் பேட்டரி மோட்டார், அது ஃபில்டர் வழியாகக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். விலை அதிகம்தான். ஆனால் முகத்தில் காற்று படுவதால் வெயில் காலத்தில் யாரும் கழற்ற மாட்டார்கள். தாடி இல்லாதவர்களே கேட்டு வாங்குவார்கள்.

பஃபிங் தூசியைச் சாதாரணத் தூசி என்று நினைக்காதீர்கள். தோல் தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முதல் வகையில் வைத்திருக்கிறது. மூக்குக்குள்ளும் சைனஸிலும் வரும் புற்று. மெஷினோடு இணைந்த டஸ்ட் கலெக்டர் பை கிழிந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் மாஸ்கைக் கழற்றிவிட்டு ஏர் ஹோஸ் பிடித்துச் சட்டையில் அடித்துக்கொள்வார்களே, நாள் முழுக்கத் தப்பித்த தூசியை அந்த ஒரு நிமிஷத்தில் இழுத்துவிடுவார்கள். அதற்கு வேக்குவம் வையுங்கள்.

வெல்லம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வயிற்றுக்குப் போகிறது, தூசி நுரையீரலுக்குப் போகிறது.

பாலாற்றுத் தம்பி (பேரணாம்பட்டு):

நன்றி ஐயா, அக்கா. சனிக்கிழமைத் தொட்டி வேலையை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டேன். மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் 36ஆம் பிரிவைப் பிரிண்ட் எடுத்துக் காட்டியதும் சக்‌ஷன் லாரிக்கு விலை கேட்கச் சொன்னார். கம் சப்ளையரிடம் தாள் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. ஸ்பிரே செக்‌ஷனுக்கும் அந்தப் பழுப்புக் கேட்ரிட்ஜே போதுமா? அங்கே டாப் கோட்டில் க்ராஸ்லிங்கர் என்று ஒன்று கலக்கிறார்கள்.

பழைய சேஃப்டி ஆபீசர் (ராணிப்பேட்டை):

க்ராஸ்லிங்கர் என்பது பூச்சு இறுகக் கலக்கும் கெமிக்கல். அந்த டப்பாவில் ஐசோசயனேட் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கேட்ரிட்ஜை மட்டும் நம்பாதீர்கள். ஐசோசயனேட்டுக்கு எச்சரிக்கும் நெடி கிடையாது, கேட்ரிட்ஜ் தீர்ந்தது தெரியவே தெரியாது. ஒருமுறை ஆஸ்துமா பிடித்துவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் இழுக்கும். கையால் ஸ்பிரே அடிக்கிறவருக்குக் குழாயில் காற்று வரும் ஹூட் கொடுங்கள். மூடிய ஸ்பிரே மெஷின் என்றால் உள்ளே கை விட்டுச் சுத்தம் செய்கிறவருக்கு ஸ்பிரேத் துளியைப் பிடிக்கும் ஃபில்டரும் சேர்ந்த கேட்ரிட்ஜ், ஏ2பி3 (A2P3), குறைந்தபட்சம் அது. எக்ஸாஸ்ட் ஓடும்போது வாசலில் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் இழுக்கவில்லை என்றால் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் டக்டில் பெயின்ட் அடைத்திருக்கும்.