மழை பெய்தால் முன் இருக்கையில் கால் வைக்கும் இடம் நனைகிறது, இரண்டு பட்டறை பார்த்தும் நிற்கவில்லை

கார்காலம் எழுதியது:

வணக்கம். என்னுடையது 11 வருடம் ஓடிய ஹேட்ச்பேக். நான் இரண்டாவது உரிமையாளர். சன்ரூஃப் கிடையாது. இரண்டு மாதமாக ஒரே தொல்லை. மழை பெய்த மறுநாள் காலையில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் கால் வைக்கும் இடம் நனைந்திருக்கிறது.

இதை முதலில் கவனித்தது நான் இல்லை, அம்மா. காரில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்காருவது அவர் வழக்கம். "தரை சில்லென்று இருக்கிறதே, ஏதாவது கொட்டினாயா?" என்று கேட்டார். ரப்பர் மேட்டைத் தூக்கி கார்ப்பெட்டை அழுத்தினேன். விரல் இடுக்கில் தண்ணீர் ஊறி வந்தது.

முதல் பட்டறையில் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது என்று சொல்லி அதைச் சுத்தம் செய்தார்கள். அடுத்த மழையில் மறுபடியும் ஈரம். இரண்டாவது பட்டறையில் முன்கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கான் பூசினார்கள். அதற்கும் நிற்கவில்லை. இப்போது டேஷ்போர்டை முழுதாகக் கழற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். டேஷ்போர்டை ஒரு தடவை பிரித்தால் அப்புறம் காலமெல்லாம் கடகடவென்று சத்தம் வரும் என்று பயமாக இருக்கிறது.

உள்ளே பூஞ்சை வாசம் வர ஆரம்பித்துவிட்டது. அம்மாவுக்கு மூச்சிழுப்பு உண்டு, போன வாரம் பாதி வழியில் கண்ணாடியை இறக்கச் சொன்னார். அதற்குப் பிறகு அவரைக் காரில் ஏற்றவே மனம் வரவில்லை. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

திருப்புளி எழுதியது:

எதையும் கழற்றுவதற்கு முன்னால் நான்கு கேள்வி. வெள்ளைத் துணியால் அந்த ஈரத்தை ஒற்றி எடுத்தால் நிறம் தெரிகிறதா? தொட்டால் பிசுபிசுப்பு இருக்கிறதா, இனிப்பு வாசம் அடிக்கிறதா? மழையே இல்லாத நாளில் ஏசி போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினாலும் நனைகிறதா? காரை எங்கே, எந்தச் சாய்வில் நிறுத்துகிறீர்கள்?

நிறமும் பிசுபிசுப்பும் இருந்தால் அது கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். டேஷ்போர்டுக்குள் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் கோர் ஒழுகினால்தான் அது உள்ளே வரும், முன்கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய் மாதிரி ஒரு படலமும் படியும். கூலன்ட் உடம்புக்கு நஞ்சு என்பதால் அதைத் தள்ளிப்போடவே கூடாது. மழையில்லாமல் ஏசியால் மட்டும் நனைந்தால் ஏசி வடிகுழாய். இரண்டும் இல்லை என்றால் வெளித் தண்ணீர்.

கார்காலம் எழுதியது:

நன்றி. வெள்ளைத் துணியில் மண் நிறம் மட்டும் லேசாக ஒட்டியது. பிசுபிசுப்பு இல்லை, வாசமும் மண் வாசம்தான். கூலன்ட் அளவு குறையவில்லை. நேற்று வெயிலில் ஏசி போட்டு ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன். காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது, உள்ளே புதிதாக ஈரம் ஏறவில்லை. நிறுத்துவது ஒரு மரத்தடியில், சரிவில், மூக்கு கீழே பார்த்த மாதிரி.

பட்டறை ஆள் எழுதியது:

தம்பி, மரத்தடி, மூக்கு கீழே என்று நீங்கள் சொன்னதிலேயே பாதி பதில் இருக்கிறது. 20 வருடத்துக்கு மேல் பாடி வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காருக்குள் தண்ணீர் தேங்கும் இடமும் அது நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். நுழைந்த தண்ணீர் தகட்டின் மடிப்பையோ வயர்க் கட்டையோ பிடித்துக்கொண்டு நடந்துபோய், தரையில் எது பள்ளமோ அங்கே நிற்கும். முன்னால் ஈரம் என்றதும் முன்கண்ணாடிக்குச் சிலிக்கான் பூசுவது அதனால்தான் பலன் தருவதில்லை. கண்ணாடியை உடலோடு பிடித்திருப்பது யூரித்தேன் பசை. சிலிக்கான் படிந்த இடத்தில் பிறகு யூரித்தேன் சரியாகப் பிடிக்காது. புளிப்பு வாசம் அடிக்கும் வகைச் சிலிக்கான் என்றால் தகட்டையே துருவேற்றும். பூசியதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் மெதுவாக எடுத்துவிடுங்கள். உண்மையிலேயே கண்ணாடி ஒழுகினால் அதைக் கழற்றி, அடியில் துரு இருந்தால் சுத்தம் செய்து, மறுபடி ஒட்டுவதுதான் வேலை. உங்கள் விஷயத்தில் அது வரை போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

பானெட்டைத் திறந்து வைப்பர் அடியில் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைப் பாருங்கள். முன்கண்ணாடியில் விழும் மழை முழுவதும் அதன் கீழே உள்ள தொட்டிக்குத்தான் போகிறது. அங்கிருந்து இரண்டு ஓரத்திலும் ஓட்டை வழியாக இறங்கி முன்சக்கரத்தின் பின்னால் தரையில் விழ வேண்டும். மரத்தடியில் நிற்கும் காரில் இலை, பூ, தூசி எல்லாம் அந்த ஓட்டையில் போய் மக்கிச் சேறாகிவிடும். ஏசி புளோயர் வெளிக்காற்றை இழுப்பதும் அதே தொட்டியிலிருந்துதான். தொட்டி நிரம்பினால் தண்ணீர் காற்று வாய் வழியாக வழிந்து புளோயர் பெட்டிக்குள் விழும், அப்புறம் கால் வைக்கும் இடத்துக்கு வரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள். அது நனைந்திருந்தாலோ, காய்ந்த கறை வளையம் தெரிந்தாலோ தண்ணீர் வந்த வழி அதுதான். டேஷ்போர்டைத் தொட வேண்டாம்.

ஜன்னலோரம் எழுதியது:

பட்டறை ஆள் அண்ணா சொல்வதைச் செய்துவிட்டு, கதவையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். எனக்கு அப்படித்தான் ஆனது. கதவுக் கண்ணாடியின் ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது குறையே இல்லை, கதவைச் செய்திருப்பதே அப்படித்தான். கீழ் விளிம்பில் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாக அது வெளியே போய்விடும். உள்பக்க டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதுதான் தண்ணீரை அந்தப் பக்கமே தடுத்து வைப்பது. என் காரில் ஸ்பீக்கர் மாற்றியவர் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிட்டார். ஒரு மழைக்காலம் முழுக்கக் கதவு ரப்பரை மாற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் தாளைக் கருப்பு பியூட்டைல் பட்டையால் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர்) சுற்றிலும் ஒட்டியதும் நின்றது. கதவை வேகமாக அசைக்கும்போது உள்ளே சலசலவென்று சத்தம் கேட்டால் கீழ் ஓட்டைகள் அடைத்திருக்கின்றன என்று அர்த்தம்.

கார்காலம் எழுதியது:

ஃபில்டரை உருவினேன். அண்ணா சொன்னது அப்படியே இருந்தது. கீழ் மூலை ஈரம், அதில் மக்கிய இலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் முதல்முறையாக ஒரு காரணத்தைக் கண்ணால் பார்த்தேன்.

வைப்பர் கைகளைக் கழற்றி, பிளாஸ்டிக் மூடியை எடுத்தேன். ஃபில்டர் இருக்கும் பக்கத்து ஓட்டையில் ஒரு ரப்பர் முனை, வாத்தின் அலகு மாதிரி மூடியிருந்தது. அதற்குள் கறுப்பாகச் சேறு. கையாலேயே இரண்டு பிடி எடுத்தேன். பிறகு ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன், சக்கரத்தின் பின்னால் சரசரவென்று கொட்டியது. மறுபக்க ஓட்டை சுத்தமாகவே இருந்தது. கதவுத் தாளும் நன்றாக ஒட்டியிருக்கிறது.

நேற்று இரவு மழை. காலையில் பார்த்தால் முன்பு இருந்த அளவு இல்லை, ஆனால் பயர்வால் (எஞ்சினுக்கும் கார் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகடு) ஓரமாக ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் புது ஈரம். இன்னொரு வழியும் இருக்கிறதா?

பட்டறை ஆள் எழுதியது:

இருக்கலாம் தம்பி. பழைய காரில் இரண்டு ஒழுக்கு சேர்ந்தே இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரியது நின்ற பிறகுதான் சின்னது கண்ணுக்குத் தெரியும்.

இனி மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். கார்ப்பெட்டை ஓரத்தில் தூக்கி, பயர்வாலின் உட்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவையுங்கள். அதன் மேல் முகப் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு குனிந்து பார்க்கட்டும். வெளியே இன்னொருவர் சாதாரணக் குழாயால், மெதுவாக, கீழேயிருந்து மேலாகத் தண்ணீர் விட வேண்டும். மேலேயிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து எது எது என்று தெரியாமல் போய்விடும். ஒரு இடத்துக்குப் பத்து நிமிடமாவது கொடுங்கள். அவசரப்பட்டு அடுத்த இடத்துக்குப் போனால், முதல் இடத்தில் நுழைந்த தண்ணீர் அப்போதுதான் உள்ளே எட்டிப் பார்க்கும், நீங்கள் இரண்டாவது இடத்தைக் குற்றம் சொல்வீர்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், அந்த வேகத்துக்கு நல்ல ரப்பரும் வழிவிடும்.

பவுடரில் விழும் கோடு எங்கே தொடங்குகிறது என்று மட்டும் பாருங்கள். வயர்க் கட்டு உள்ளே வரும் துளையை அடைத்திருக்கும் ரப்பர் வளையமான கிராமெட்டைக் குறிப்பாகக் கவனியுங்கள்.

கார்காலம் எழுதியது:

கிராமெட்தான்! தங்கை வெளியே குழாய் பிடித்தாள், நான் உள்ளே டார்ச்சோடு படுத்திருந்தேன். சக்கரப் பக்கம் விட்டபோது ஒன்றுமில்லை. தொட்டியின் ஓரத்தில் விட ஆரம்பித்து ஆறு, ஏழு நிமிடம் கழித்துப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. முன்னால் வைத்திருந்தவர் கூடுதல் விளக்குக்காக ஒரு வயரைக் கிராமெட்டில் குத்தி உள்ளே விட்டிருக்கிறார். அந்த வயரைப் பிடித்துக்கொண்டுதான் தண்ணீர் நடந்து வருகிறது. விளக்கு இப்போது காரில் இல்லை, வயர் மட்டும் தொங்குகிறது.

பட்டறை ஆள் எழுதியது:

அப்படியென்றால் வயரை இரண்டு முனையிலும் பார்த்து, ஃபியூஸ் பக்கம் கழற்றிவிட்டு உருவி எடுங்கள். கிராமெட் கிழிந்திருந்தால் புதிது போடுவது நல்லது. சின்னத் துளை என்றால் பியூட்டைல் வைத்து அடைக்கலாம். எப்போதாவது வயர் கொண்டுவர நேர்ந்தால், கிராமெட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் அது கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டி விழுந்துவிடும்.

இப்போது முக்கியமான வேலைக்கு வாருங்கள். ஓட்டையை அடைத்ததும் வேலை முடிந்தது என்று நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் அம்மாவை வருத்துவது ஓட்டை இல்லை, கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும். நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்தால் பூஞ்சையைத் தவிர்க்கலாம். உங்களுக்கு அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது, அதனால் பஞ்சைச் சுத்தமும் செய்தாக வேண்டும்.

இருக்கையைக் கழற்ற வேண்டியிருக்கும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றி, காரின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். கனெக்டர் கழன்றிருக்கும்போது இக்னிஷன் போடக் கூடாது. இதில் சந்தேகம் இருந்தால் இருக்கையை மட்டும் தெரிந்தவரிடம் கழற்றச் சொல்லுங்கள். பஞ்சு தனியாக வந்தால் வெளியே எடுத்து அலசிக் காயவையுங்கள். கார்ப்பெட்டோடு ஒட்டியிருந்தால் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து, தண்ணீர் உறிஞ்சும் வாக்குவத்தால் இழுத்துவிட்டு, மின்விசிறியை நேராக அந்த இடுக்கில் வையுங்கள். அடியில் உள்ள கனெக்டர்களில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள், தரைத் தகட்டில் துருவையும் பாருங்கள்.

திருப்புளி எழுதியது:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த கேபின் ஃபில்டரைக் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள். நனைந்த ஃபில்டர் வழியாகத்தான் அம்மா சுவாசிக்கும் காற்று வரும். புதிதே போடுங்கள். வாசனைத் திரவியம் எதையும் தெளிக்க வேண்டாம், இழுப்பு உள்ளவர்களுக்கு அதுவே பிரச்சினை.

கார்காலம் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். வயரை உருவிவிட்டேன், கிராமெட் புதிது. இருக்கையை ஒரு மெக்கானிக் கழற்றிக் கொடுத்தார். பஞ்சு தனியாக வந்தது. அதைத் தூக்கும்போது குழந்தையைத் தூக்குகிற கனம் இருந்தது, அவ்வளவு தண்ணீர். அலசிப் பிழிந்து ஐந்து நாள் காயவைத்தேன். நான்காவது நாள் காய்ந்துவிட்டது என்று நினைத்து நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே இன்னும் ஈரம். அதனால் ஒரு நாள் கூடுதல். தகட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துரு, தேய்த்து பிரைமர் அடித்தாயிற்று. ஃபில்டர் புதிது.

அதற்குப் பிறகு மூன்று மழை, அதில் ஒன்று இரவு முழுக்க. ஒவ்வொரு காலையும் மேட்டுக்கு அடியில் வைத்த செய்தித்தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்று முறையும் காய்ந்தே இருந்தது. காரை இப்போதும் அதே மரத்தடியில்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது, வேறு இடம் இல்லை. இனி மாதம் ஒரு முறை மூடியைத் தூக்கி இலையை அள்ளி, ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார்க்கப் போகிறேன்.

நேற்று அம்மாவை அழைத்துப் போனேன். ஏறியதும் செருப்பைக் கழற்றி, உள்ளங்காலைத் தரையில் வைத்து, இரண்டு முறை தேய்த்துப் பார்த்தார். போய்த் திரும்பும் வரை கண்ணாடியை இறக்கச் சொல்லவில்லை.