மாணவர்களிடையே போதைப் பழக்கம்: பயமுறுத்துவதைத் தவிர வேறு வழி உண்டா?

கேள்வி (வகுப்பாசிரியர்):
ஒன்பதாம் வகுப்பின் பொறுப்பில் இருக்கிறேன். கெட்டுப்போன நுரையீரலின் படங்களைக் காட்டி ஆண்டுதோறும் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிறோம். சென்ற வாரம் கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவன் என்னருகே வந்து, "இவ்வளவு சொல்கிறீர்கள் என்றால் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள் போலிருக்கிறதே, ஐயா" என்றான். எனக்கு வாயடைத்துப் போயிற்று. வேறு எப்படித்தான் பேசுவது?

பதில் 1:
அம்மாணவன் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறான். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் மதுப்பழக்கத்தை ஆராய்ந்து பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் இருவரும் 1986-இல் வெளியிட்ட கட்டுரை, மற்றவர்கள் தம்மைவிடக் குடியை அதிகம் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று பெரும்பாலானோர் தவறாக நம்பியதைக் காட்டியது. புகைத்தவனைப் பற்றி வகுப்பே பேசும். வேண்டாம் என்று வீட்டுக்குப் போனவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால், தொடாதவன் தன்னைத் தனியாள் என்று எண்ணிக்கொள்கிறான். பெயர் எழுதாத சீட்டில் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: நீ பயன்படுத்தியது உண்டா, உன் வகுப்பில் எத்தனை பேர் பயன்படுத்துவதாக நினைக்கிறாய்? நான் அப்படிக் கேட்டு, இரண்டு விடைகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதியபோது, முன்வரிசைப் பையன் ஒருவன் அவற்றை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் தொடாதவன் நான் மட்டும் இல்லையா?" என்று மெல்லக் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

பதில் 2:
ஓர் எச்சரிக்கை. கிடைத்த எண்ணைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாதீர்கள். ஒருமுறை பொய் என்று தெரிந்துவிட்டால் பிறகு எதையும் நம்ப மாட்டார்கள். பழக்கத்தில் ஏற்கெனவே சிக்கியவருக்கு இந்த எண்கள் போதாது, தனியே ஆலோசகரின் உதவி வேண்டும்.

பதில் 3:
யார் சொல்கிறார் என்பதும் முக்கியம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 59 பள்ளிகளில் நடந்து, 2008-இல் முடிவுகள் வெளியான 'அசிஸ்ட்' என்ற புகைத்தடுப்பு ஆய்வில், யாருடைய பேச்சுக்கு மதிப்புண்டு என்று 12, 13 வயது மாணவர்களையே எழுதச் சொல்லி, அவ்வாறு தேர்வானவர்களுக்குப் பயிற்சி அளித்து, பத்து வாரம் நண்பர்களிடம் இயல்பாகப் பேச விட்டார்கள். இப்பயிற்சி நடந்த பள்ளிகளில், நடக்காத பள்ளிகளைவிடப் புகைப்பழக்கம் குறைவாக இருந்தது. ஆசிரியருக்குப் பிடித்த பிள்ளைகளை மட்டும் பொறுக்கியிருந்தால் கடைசி வரிசை காது கொடுத்திருக்காது என்பது என் எண்ணம்.

கேட்டவர்:
வகுப்புத் தலைவனைப் பேச வைக்கலாம் என்றிருந்தேன், அதைக் கைவிடுகிறேன். திங்கட்கிழமை சீட்டுகளைக் கொடுத்து எண்ணிக்கையைத் தெரிந்துகொண்ட பிறகு, பேச வேண்டியவர்களின் பெயர்களை மாணவர்களே எழுதட்டும்.