எல்லாமே பாக்காவ் காலா? (சிங்கப்பூரின் பழைய ஓலைக்கூரை வீடு, அதாவது அத்தாப்பு வீடு பற்றிய விவாதம்)

தேக்காமணி: "சேற்றில் நின்ற பழைய கம்பத்து (கிராமத்து) வீடுகள் எல்லாமே பாக்காவ் (சதுப்புநில அலையாத்தி மரம்) கால்மேல்தான் நின்றன" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதிவைக்க, முப்பது பேர் விருப்பம் போட்டிருக்கிறீர்கள். எல்லாமேவா? கடல்நீர் ஏறி இறங்கும் இடத்துக்கு நீபோங். பனை இனம். ஓரமெல்லாம் வைரம், நடுவில் சோறு. கடலில் கால்மேல் நிற்கும் மீன்பிடி மேடையான கேலோங்குக்கு எதை நட்டார்கள்?

பாயலேபார்வாசி: அந்த ஒருவர் நான்தான். கடைவீடுகளுக்கு அடியில் அடித்தது பாக்காவ். இன்றைக்குத் தோண்டினாலும் கெட்டியாக வருகிறது. போதுமா?

தேக்காமணி: போதாது. புதைந்த கட்டை வேறு, நிற்கும் கால் வேறு. சேற்றுக்குள் காற்று இல்லை, பூஞ்சை பிழைக்காது, பாக்காவும் கெடாது. அதையே வெளியே நீட்டினால் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, அந்த ஒரு முழத்தில் சோலி முடிந்தது. மேலே கறையான், தண்ணீரில் கப்பல்புழு. புழு என்று பெயர்தான், சிப்பி இனம். வெளியில் ஊசித் துளைதான் தெரியும். அறுத்துப் பார்த்தால் விரல் நுழையும் குழாய்கள், உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. 'பாய' என்றாலே மலாயில் சதுப்பு. பெயரில் சதுப்பை வைத்துக்கொண்டு இதுகூடவா தெரியாது?

பாயலேபார்வாசி: ஊர்ப் பெயரை இழுக்காதீர்கள். உங்கள் நீபோங்கில் ஆணி அடித்துப் பாருங்கள், நாருக்கு நார் பிளக்கும். தலையை மூடாமல் விட்டால் மழைநீர் சோற்றில் இறங்கி உள்ளே கூழாகிவிடும்.

தேக்காமணி: ஆணி யார் அடித்தது? பிரம்பால் கட்டுவார்கள். வற்றின நேரத்தில் நுனியைச் சீவி நிறுத்தி, நெஞ்சுயரத்தில் குறுக்குக் கழி கட்டி, இரண்டு பேர் ஏறி நின்று இப்படியும் அப்படியும் ஆட்ட ஆட்டக் கால் தானாக இறங்கும். சம்மட்டியால் அடித்தால் தலை சிதறும். ஒரு ராத்திரி விட்டால் சேறு கவ்விக்கொள்ளும். அதன் பிறகுதான் உத்தரம். அவசரப்பட்டால் ஒரு மூலை தாழ்ந்து கதவு மூடாது.

உபின்காற்று: காலுக்கு ஏன் இத்தனை சண்டை லா? கூரை தென்னங்கீற்று, அதுதானே முதலில் போகும்?

தேக்காமணி: இன்னொருவர் வந்துவிட்டார். அத்தாப்பு தென்னை இல்லை, நீப்பா என்ற சதுப்புப் பனையின் ஓலை. இலையைக் குச்சிமேல் மடித்துத் தைத்து, வரிசைமேல் வரிசையாக நெருக்கி வேய்வது. நெருக்கம் குறைந்தாலோ சரிவு குறைந்தாலோ ஒழுகும்.

உபின்காற்று: நெருப்புக்கு எல்லாம் ஒன்றுதான். 25 மே 1961, புக்கிட் ஹோ சுவீ, ஏறக்குறைய 16,000 பேருக்கு வீடு போனது. அங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி எழும்பியதும் அதற்குப் பிறகுதான்.

பாயலேபார்வாசி: வீவக 1960லேயே வந்தாயிற்று.

உபின்காற்று: வரவில்லை என்றா சொன்னேன்? அந்த இடத்தில் எழும்பியதைச் சொன்னேன். படித்துவிட்டு எழுதவும்.

தேக்காமணி: தீயை வேறு இழையில் அணையுங்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று. எல்லாமேவா?

பாயலேபார்வாசி: நன்னீர்ச் சதுப்பில் கப்பல்புழு ஏது? அங்கே பாக்காவ் நின்றால் உங்களுக்கு என்ன?

தேக்காமணி: கறையான் நன்னீர் உப்புநீர் பார்க்குமா? அப்படியே இருந்தாலும் நீங்கள் எழுதியது 'எல்லாமே'. அந்த ஒரு சொல்லை எடுங்கள்.

பாயலேபார்வாசி: எடுக்க மாட்டேன். விருப்பம் இப்போது நாற்பத்தொன்று.