கெதார்னா தங்குறதுன்னு நம்பி ஏமாந்தவங்க கதை

மாட்ரிட்காரன்:
ஸ்பானிஷ் கத்துக்க ஆரம்பிச்சப்போ ‘கெதார் = தங்குறது’ன்னு நோட்டுல எழுதி வச்சிருந்தேன். அந்த ஒரு வரியால ஒரு நல்ல மனுஷன் மனசைப் புண்படுத்திட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆபீஸ் லிஃப்டுக்குக் காத்திருக்கோம். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பி, “கெதாமோஸ் மன்யானா?”ன்னார். நாளைக்கு நாம தங்குறோமா? சனிக்கிழமையும் வேலை பாக்கச் சொல்றாரேன்னு பதறிப்போய், “நோ, நோ, மே கெதோ என் காஸா”ன்னேன். நான் வீட்டுலயே இருந்துக்கிறேன்னு அர்த்தம். அவர் முகம் சுருங்கிடுச்சு. “பாலே”ன்னு, அதாவது ‘சரி’ன்னு சொல்லிட்டு, லிஃப்டுக்கு நிக்காம படியிறங்கிப் போயிட்டார்.

அவர் கேட்டது, ‘நாளைக்கு எங்கயாவது சந்திக்கலாமா?’ ஊருக்குப் புதுசா வந்தவனாச்சேன்னு கூப்பிட்டிருக்கார். இப்படிப் பேரைக் கெடுத்துக்கிறதுக்கும் அதே சொல்தான்: கெதார் மால்!

ஃபில்டர்காபி:
உங்களுக்காவது காசு போகல அண்ணா. பார்சிலோனாவுல ஒரு கடையில கோட்டு போட்டுப் பாத்துட்டு வெளிய வந்தேன். கடைப் பொண்ணு, “தே லோ கெதாஸ்?”ன்னா. அளவு சரியா இருக்கான்னு கேக்குறான்னு நினைச்சு “ஸீ, ஸீ”ன்னு தலையாட்டினேன். அவ பாட்டுக்கு மடிச்சு, பையில போட்டு, பில்லை நீட்டிட்டா. 80 யூரோ. வெக்கத்துல வாயைத் திறக்காம கார்டைக் குடுத்துட்டு வந்தேன்.

‘தே கெதா பியென்’னா உங்களுக்கு நல்லா இருக்கு. ‘தே லோ கெதாஸ்’னா இதை எடுத்துக்கிறீங்களா? நடுவுல ஒரு ‘லோ’, கடைசியில ஒரு ‘ஸ்’. அவ்வளவுதான் வித்தியாசம். கோட்டு இன்னும் அலமாரியிலதான் தொங்குது, தோள் கொஞ்சம் பெருசு.

பொகோத்தாவாசி:
இங்க கொலம்பியாவுல வழி கேக்கவே இந்தச் சொல்தான் வேணும். ‘தோந்தே கெதா எல் பாங்கோ?’ பேங்க் எங்க இருக்கு? ஸ்பெயின்லயும் புரியும், ஆனா அங்க ‘எஸ்தா’தான் அதிகமா காதுல விழும். அதே மாதிரி, சந்திக்கலாமான்னு கேக்க இங்க யாரும் வெறுமனே ‘கெதாமோஸ்’னு சொல்றதில்ல, ‘நோஸ் வேமோஸ்’னுதான் சொல்றாங்க. நீங்க இங்க வந்திருந்தா தப்பிச்சிருப்பீங்க சார்.

மாட்ரிட்காரன்:
தங்கச்சி சொன்ன தோள்லதான் விஷயமே இருக்கு. நம்ம ஊர் டெய்லர் என்ன சொல்வார்? ‘தோள்ல சரியா உக்காரல’ம்பார். இந்த வினைச்சொல்லோட லத்தீன் மூலத்துக்கும் அமைதியாக்குறது, இளைப்பாறுறதுன்னுதான் பொருள். ஓடி ஆடினது அடங்கி, கடைசியா எப்படி வந்து உக்காருதோ அதுதான் கெதார்னு எடுத்துக்கிட்டேன். பேச்சு ஒரு முடிவுல வந்து உக்காந்தா சந்திப்பு. எல்லாரும் வாங்கினது போக உக்காந்திருக்குறது மிச்சம். அதுவும் இல்லைன்னா பேக்கரியில ‘நோ கெதா பான்’, ரொட்டி தீந்துபோச்சு. ‘மே கெதே தோர்மிதோ’ன்னா அசந்து தூங்கிப்போயிட்டேன். அந்த ‘போயிட்டேன்’ இருக்கே, அச்சு அசல் அதேதான்.

இலக்கணத்துலயும் நமக்கு ஒரு சலுகை இருக்கு. ‘மே கெதான் தோஸ் எவுரோஸ்’ங்கிறதை இங்கிலீஷ் வழியா யோசிச்சா தலை சுத்தும். தமிழ்ல ‘எனக்கு ரெண்டு யூரோ மிச்சம் இருக்கு’, முடிஞ்சுது. ‘எனக்கு’தான் அந்த ‘மே’, எழுவாய் அந்த ரெண்டு யூரோ. வகுப்புல வாத்தியார் இதுக்காக ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார், எனக்கு ரெண்டு நிமிஷம்.

உச்சரிப்புல மட்டும் கவனம். ‘கெதோ’வுல முதல் அசையை அழுத்தினா ‘இருக்கேன்’, கடைசி அசையை அழுத்தினா ‘இருந்துட்டான்’. தமிழ்ல எழுதினா ரெண்டும் ‘கெதோ’தான்.

செவில்யாவிலிருந்து:
உக்காருறது எல்லாம் சரி தலைவரே, ‘கெதார்ஸே கோன் அல்கியென்’னுக்கு என்ன சொல்வீங்க? ஸ்பெயின்ல அது ஒருத்தரைக் கலாய்க்கிறது. எங்க அக்கா கல்யாணத்துக்கு 1,500 பேர் வந்தாங்கன்னு வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னேன். கண்ணை உருட்டி, “தே எஸ்தாஸ் கெதாந்தோ கோன்மிகோ?”ன்னாங்க. என்கூட தங்குறியான்னு கேக்குறாங்கன்னு நினைச்சு, ரொம்ப பவ்யமா பதில் சொன்னேன்: “இல்லம்மா, மாடியில உங்க வீட்டுலதானே வாடகைக்கு இருக்கேன்.”