பிள்ளைக்குப் பிரிட்டிஷ் சில்லறை பழக்கியபோது நடந்தவை

ஈஸ்ட்ஹாம் அம்மா:
பள்ளியில் முதலாம் ஆண்டில் படிக்கும் மகனுடன் உண்டியலைக் கவிழ்த்து எண்ணிய அந்த மாலை இன்னும் மனதை உறுத்துகிறது. ஒரு இரண்டு பென்ஸ் காசைத் தந்துவிட்டு ஒரு ஐந்து பென்ஸ் காசை எடுத்துக்கொள், அதற்குத்தான் மதிப்பு அதிகம் என்றேன். அவன் செப்புக் காசை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, சட்டைப் பொத்தான் போலிருந்த வெள்ளைக் காசை என் பக்கம் தள்ளி, "நீங்க என்னை ஏமாத்துறீங்க" என்று அழுதுவிட்டான். ஏறத்தாழ 26 மில்லிமீட்டர் அகலக் காசைவிட 18 மில்லிமீட்டர் காசு பெரிது என்று நம்ப அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது? நான் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது.

ஹாரோ அப்பா:
அளவைவிட எழுத்துதான் சிக்கல், அக்கா. 2008இல் வந்த கேடயச் சின்னக் காசுகளில் மதிப்பு எழுத்தில் மட்டுமே இருக்கிறது. வாசிக்கத் தெரியாத என் மகள் பத்து பென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்பர் எங்கே அப்பா?" என்று கேட்டாள். மன்னர் சார்ல்ஸின் புதிய காசுகளில் இலக்கம் பெரிதாக இருக்கிறது. ஆனால் எங்கள் உண்டியலில் அன்று அவற்றில் ஒன்றுகூட இல்லை.

லெஸ்டர் வகுப்பு உதவியாளர்:
அண்ணா சொல்வதை முழுவதும் ஏற்க முடியவில்லை. இரண்டாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி இருபது பென்ஸைச் சரியாக அடையாளம் சொன்னாள். அதே காசு மூன்றை வரிசையாக வைத்து மொத்தம் எவ்வளவு என்றதும், விரலால் தொட்டு எண்ணி "மூன்று" என்றாள். எனவே ஒரு காசைத் தொட்டால் ஒன்று என்ற பழக்கத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். இரண்டு பென்ஸை இருமுறையும் ஐந்து பென்ஸை ஐந்து முறையும் தட்டி எண்ணச் சொல்லுங்கள். பத்து பென்ஸுக்கு அருகில் பத்து ஒற்றைப் பென்னிகளை அடுக்கிக் காட்டுங்கள். பிளாஸ்டிக் காசு வேண்டாம், அதில் கனம் தெரியாது. கண்ணைக் கட்டிவிட்டு விளிம்பைத் தடவச் சொன்னால், செப்புக் காசுகள் வழவழப்பாகவும், ஐந்தும் பத்தும் வரிவரியாகவும், இருபதும் ஐம்பதும் ஏழு பக்கங்களோடும், 2017இல் வந்த ஒரு பவுண்டு பன்னிரண்டு பக்கங்களோடும் விரலுக்கே புலப்படும். ஐம்பதையும் இருபதையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே வடிவம் என்பதால் குழம்பிவிடுவார்கள்.

ஈஸ்ட்ஹாம் அம்மா:
நான் யோசனை கேட்கவில்லை, ஆனாலும் நேற்றிரவு தட்டிப் பார்த்தோம். ஐந்து முறை தட்டி முடித்துவிட்டு, "சரி, இது பெரிசுதான்" என்று ஒப்புக்கொண்டான். இரண்டு பென்ஸை மட்டும் திருப்பித் தரவில்லை.