சல்மாவை வெளியே கொண்டுவந்தது கவிதையா, பெண்கள் ஒதுக்கீடா?

தபால்பெட்டி:
பெண்களுக்கான எழுத்துப் பட்டறை ஒன்றின் அறிவிப்பு நாலு வாட்ஸப் குழு சுற்றி எனக்கும் வந்து சேர்ந்தது. "ஒரு பேனா போதும், எந்தப் பெண்ணும் விடுதலை அடையலாம், கவிஞர் சல்மாவே சாட்சி" என்று போட்டிருக்கிறார்கள். கட்டணம் 1,500 ரூபாய். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

சல்மாவுக்குப் பருவம் வந்ததும் படிப்பை நிறுத்திவிட்டார்கள். துவரங்குறிச்சியில் வீட்டுக்குள்ளேயே வாழ்க்கை. கல்யாணத்துக்குப் பிறகு ராத்திரியில் கழிப்பறைக்குள் ஒளிந்து எழுதினார். எழுதியதை அம்மா வெளியே கொண்டுபோய்த் தபாலில் அனுப்பினார். புனைபெயரில் அச்சானது. முதல் தொகுப்பு 2000இல் வந்தது. கதவு திறந்ததா? இல்லை. 2001இல் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனது. கணவர் நிற்க முடியாததால் இவரை நிறுத்தினார்கள், ஜெயித்தார், வெளியே வந்தார். கதவைத் திறந்தது ஒதுக்கீடு. வருடத்தைப் பாருங்கள்: 2001.

மைக்கூடு:
வந்துவிட்டார் தபால்பெட்டி சார். பெண்கள் எதையாவது சாதித்தால் அதற்கு ஒரு அரசாணை எண்ணைக் கண்டுபிடிக்காமல் இவருக்குத் தூக்கம் வராது.

அந்தத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க எத்தனையோ பெண்கள் தலைவர் ஆனார்கள். அதில் பாதி ஊரில் நாற்காலியில் உட்கார்ந்தது கணவர், கையெழுத்துப் போட்டது மட்டும் அந்தம்மா. சல்மா ஏன் அப்படி ஆகவில்லை? அதற்கு முன் பத்து வருடம் போல எழுதி எழுதித் தனக்கென்று ஒரு மனுஷியை உண்டாக்கி வைத்திருந்தார். அதனால்தான்.

தபால்பெட்டி:
அந்த மனுஷி 2001 வரைக்கும் எங்கே இருந்தார்? வீட்டுக்குள். நன்றி.

நூலகப்பூனை:
விடுதலை என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் பேசிக்கொள்ளலாமா? வாசலைத் தாண்டுவது மட்டுமா? 19ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் ராசசுந்தரி தேவி பன்னிரண்டு வயதில் கல்யாணமாகிப் போனவர். ஒரு பக்திநூலின் ஏட்டை எடுத்து அடுக்களையில் ஒளித்து வைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுத் தானே படிக்கக் கற்றார். பிறகு தன் வாழ்க்கையையே எழுதினார். அவருக்குத் தேர்தலும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை. அவரை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

தபால்பெட்டி:
அடுக்களைக் கணக்கில்தான். படித்த பிறகும் அங்கேதானே இருந்தார்? என் கட்சிக்கே ஆள் சேர்த்ததற்கு நன்றி, பூனை.

அரைக்காப்பி:
தபால்பெட்டி அண்ணன் சொல்வதுதான் சரி. உள்ளாட்சியில் பெண்களுக்கு இடம் ஒதுக்கிய 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மட்டும் இல்லையென்றால் துவரங்குறிச்சி பேரூராட்சிக்கு ஒரு பெண் தலைவராக வந்திருக்கவே முடியாது.

தபால்பெட்டி:
தம்பி, ஆதரவுக்கு நன்றி. ஆனால் 73 கிராம ஊராட்சிகளுக்கு. பேரூராட்சி என்றால் 74. இரண்டும் 1993இல் நடைமுறைக்கு வந்தவை. அப்புறம் அது துவரங்குறிச்சி பேரூராட்சி இல்லை, பொன்னம்பட்டி பேரூராட்சி. துவரங்குறிச்சி அதற்குள் இருக்கிறது. நான் மணப்பாறைக்காரன், இதெல்லாம் தப்பாக எழுதினால் கண்ணில் குத்தும்.

மைக்கூடு:
மணப்பாறையில் பிறந்தால் சல்மாவின் மனசுக்குள் என்ன நடந்தது என்பதும் தெரிந்துவிடுமா? ஊர்ப் பெருமை வேண்டுமானால் முறுக்கு பற்றி ஒரு இழை ஆரம்பியுங்கள், நானும் வருகிறேன்.

சரி, எழுத்தாளர் பாமாவுக்கு வாருங்கள். 'கருக்கு' வந்தது 1992. உங்கள் 73, 74 இரண்டுமே நடைமுறைக்கு வராத காலம். ஒரு தலித் பெண், கிறிஸ்தவ மடத்தைவிட்டு வெளியே வந்து, கையில் எதுவும் இல்லாமல் நின்றபோது எழுதிய புத்தகம். எழுதித்தான் தன்னை மீட்டுக்கொண்டார்.

தபால்பெட்டி:
நீங்களே எழுதியதை நீங்களே படியுங்கள். "வெளியே வந்து" எழுதினார். வெளியே வந்தது முதலில், எழுத்து அப்புறம். புத்தகம் வந்ததும் என்ன நடந்தது? ஊர்க்காரர்கள் கோபப்பட்டு, சில மாதம் சொந்த ஊருக்குள்ளேயே அவர் போக முடியவில்லை. எழுத்து கதவை மூடிய கதை இது. சல்மா விஷயத்தில் கதவு திறந்தது 2001இல்.

மைக்கூடு:
அப்புறம் அதே ஊர் அந்தப் புத்தகத்தைப் புரிந்து ஏற்றுக்கொண்டதே, அதை ஏன் விழுங்குகிறீர்கள்? போன வருடம் எழுத்தாளர் சிவகாமி பற்றிய இழையிலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள். பாதியைச் சொல்லிவிட்டு ஓடுவது.

தபால்பெட்டி:
ஓடினேனா? அந்த இழையில் கடைசிப் பதிவு என்னுடையது. போய்ப் பாருங்கள்.

கிணற்றடி:
நான் வழக்கமாகப் படிப்பதோடு சரி. பேபி ஹால்தாரை யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன். கணவரின் அடி தாங்காமல் மூன்று பிள்ளைகளோடு ரயில் ஏறி டெல்லிப் பக்கம் போனவர், குர்கானில் வீட்டுவேலை செய்தவர். புத்தக அலமாரியைத் துடைக்கும்போது அவர் தயங்கி நிற்பதைப் பார்த்த வீட்டுக்காரர் பிரபோத் குமார் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தார். வேலை முடித்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதினார். 2002இல் இந்தியில் புத்தகமாக வந்தது. அவருக்கு எந்த ஒதுக்கீடு இருந்தது?

தபால்பெட்டி:
அக்கா, ரயில் ஏறியது எழுதுவதற்கு முன்னாலா, பின்னாலா? அதுதான் என் கேள்வி. நோட்டைக் கொடுத்தவர் இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன். எல்லா வீட்டுவேலைக்காரப் பெண்ணுக்கும் பிரேம்சந்தின் பேரன் முதலாளியாகக் கிடைப்பாரா? புத்தகம் வந்த பிறகும் அதே வீட்டில்தான் வேலை பார்த்தார். 1,500 ரூபாய் பட்டறைக்காரர்கள் இதைச் சொல்வார்களா?

கிணற்றடி:
நான் அக்கா இல்லை. 58 வயது ஆண்.

அரைக்காப்பி:
😂😂

மைக்கூடு:
அம்மா கொண்டுபோனதால் அம்மாதான் காரணம், நோட்டு கொடுத்ததால் முதலாளிதான் காரணம், சீட்டு வந்ததால் சட்டம்தான் காரணம். எழுதியவளைத் தவிர எல்லோரும் காரணம்! இதற்குப் பெயர் ஆய்வா? 2003 வாக்கில் சல்மா, குட்டி ரேவதி, சுகிர்தராணி, மாலதி மைத்ரி என்ற பெண் கவிஞர்கள் எழுதியதை ஆபாசம் என்று ஏசினார்களே, வெறும் தாளைப் பார்த்தா அவ்வளவு பயந்தார்கள்?

தபால்பெட்டி:
2003. அதாவது 2001க்குப் பிறகு. அப்போது அவர் பதவியில் இருந்தார்.

மைக்கூடு:
குட்டி ரேவதி எந்தப் பேரூராட்சிக்குத் தலைவர்?

தபால்பெட்டி:
நாம் பேசிக்கொண்டிருப்பது சல்மாவைப் பற்றி. இழையின் தலைப்பைப் பாருங்கள்.

மைக்கூடு:
பாமாவுக்கும் பேபி ஹால்தாருக்கும் பத்தி பத்தியாகப் பதில் எழுதியபோது தலைப்பு எங்கே போயிருந்தது?

நூலகப்பூனை:
என் கேள்வி மேலே அப்படியே கிடக்கிறது.

அரைக்காப்பி:
பூனையாரே, திருச்சி சந்திப்பில் என்னிடம் வாங்கிய சல்மாவின் நாவல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' எங்கே? அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விடுதலைக்கு விளக்கம் கேளுங்கள்.

நூலகப்பூனை:
அதை மைக்கூடு வாங்கிக்கொண்டு போனார். ரயில் நிலையத்தில் நீங்களும் நின்றீர்கள்.

மைக்கூடு:
நான் கொண்டுபோனது என்னுடைய பிரதி. உள்ளே என் கையெழுத்து இருக்கிறது. சல்மா 2006இல் மருங்காபுரியில் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார், தெரியுமா தபால்பெட்டி? பதவிதான் விடுதலை என்றால் அன்றைக்கு மறுபடி வீட்டுக்குள் போயிருக்க வேண்டுமே. போகவில்லையே. இன்றைக்கு மாநிலங்களவையில் இருக்கிறார்.

தபால்பெட்டி:
பொன்னம்பட்டி இல்லாமல் மருங்காபுரி ஏது, மருங்காபுரி இல்லாமல் மாநிலங்களவை ஏது? எல்லாம் 2001இல் தொடங்கியது. மருங்காபுரித் தொகுதியே இப்போது இல்லை, மறுசீரமைப்பில் எங்கள் மணப்பாறை ஆகிவிட்டது. நாளை வேலை முடிந்து வந்து 74ஆவது திருத்தத்தை மூன்று பகுதியாக எழுதுகிறேன்.

மைக்கூடு:
எழுதுங்கள். பேனா போதாது என்று நிரூபிக்க நீங்கள் எழுதும் அளவுக்கு இங்கே வேறு யாரும் எழுதுவதில்லை.

கிணற்றடி:
அக்கா என்றதற்கு இன்னும் பதில் வரவில்லை.